வரிசை மாறாதவர்

அவர் கார் ஓட்டும்போது லேன் மாற மாட்டார். எங்கள் ஊரான ஃப்ரீமாண்டிலிருந்து வடக்கே பேஸ்பால் மைதானத்துக்குப் போகும் ஃப்ரீவேயில் ஏறியதும் வலப்பக்கத்திலிருந்து இரண்டாவது லேனைப் பிடிப்பார். பிடித்தால் இறங்கும் இடம் வரை அதுதான். முன்னால் ஒரு சிமென்ட் லாரி ஊர்ந்தால் இவரும் ஊர்வார். பக்கத்து லேனில் கார்கள் விர்ரென்று போய்க்கொண்டிருக்கும்.

"சார், லெஃப்ட்ல காலியா இருக்கு" என்பேன்.

"இருக்கும் சார். நாம போனா நின்னுடும்."

இதை அவர் வேடிக்கையாகச் சொன்னதில்லை. மழை வரும் என்று சொல்வதைப் போல, தெரிந்த ஒன்றைத் தெரிவிக்கும் குரலில் சொல்வார். மொத்த விலைக் கடையிலும் இதே கதைதான். சனிக்கிழமைக் கூட்டத்தில் நாம் பின்னால் நின்றுகொண்டிருக்கும்போது பக்கத்தில் புதிதாக ஒரு கவுண்டரைத் திறந்து, கையை ஆட்டிக் கூப்பிடுவார்கள். எல்லோரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடுவார்கள். இவர் அசைய மாட்டார். அவர் மனைவி வெறுங்கையோடு ஓடிப்போய் அங்கே இடம் பிடித்துக்கொண்டு, "வாங்களேன்!" என்று குரல் கொடுப்பார். இவர் இருந்த இடத்திலிருந்தே, "இதோ வந்துடுச்சு" என்பார். மகள் இருவருக்கும் நடுவில், இந்தக் குடும்பத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல ஃபோனைப் பார்த்தபடி நிற்பாள்.

மதுரைக்காரர். ஆஸ்பத்திரி பில் போடும் மென்பொருள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்தில் கார் நிறுத்துமிடத்துக்கு அந்தப் பக்கம் அவர் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. நான் நாள், கிழமை பார்த்து எதையும் எழுதிவைக்கிற பழக்கமுள்ளவன். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மட்டும் எது முதலில், எது பின்னால் என்பது குழம்பிப் போகிறது. பல வருடங்கள் ஒரே மாதிரி இருந்த ஒருவரை எந்த ஆண்டில் வைப்பது?

வளைகுடாவில் எங்கள் கரைக்கு அப்போது ஒரு பேஸ்பால் அணி இருந்தது. வளைகுடாவின் மறுகரையில் இன்னொரு அணி. அங்கே தண்ணீரைப் பார்த்த அழகான மைதானம், வசதியான கூட்டம். எங்கள் பக்கம் கான்கிரீட் கிண்ணம் ஒன்று. மேல்தளத்தில் ஆளில்லாத இருக்கைகளைத் தார்ப்பாய் போட்டு மூடியிருப்பார்கள். ஏழை அணி. புதன்கிழமைப் பகல் ஆட்டங்களுக்கு டிக்கெட் சல்லிசு என்பதாலும், வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவார்கள் என்பதாலும் அவர் போகத் தொடங்கினார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். புளியோதரையை ஃபாயிலில் சுற்றி எடுத்து வருவார்.

விளையாட்டைவிட அவரைப் பிடித்துக்கொண்டது அதன் சட்டம். வருடா வருடம் புதிய ஆட்டக்காரர்களை அணிகள் பங்கிட்டுக்கொள்ளும் டிராஃப்ட் என்ற ஏற்பாட்டை எனக்கு விளக்கிச் சொன்னவர் அவர்தான். முந்தின வருடம் யார் படுமோசமாகத் தோற்றார்களோ அவர்களுக்கு முதல் தேர்வு. ஜெயித்தவன் கடைசியில் நிற்க வேண்டும்.

"தோத்தவனுக்கு முதல் பந்தி சார். நம்ம ஊர்ல கடைசி பெஞ்சுக்காரனைக் கூப்பிட்டு முதல் சீட் குடுத்த காலேஜ் ஏதாச்சும் உண்டா?"

"இல்ல."

"இங்க இருக்கு. அதான் சார் இந்த நாடு." வாயில் புளியோதரையோடு இதைச் சொல்லிவிட்டு, மைதானத்தைப் பெருமையாகப் பார்த்தார். எங்கள் அணி அப்போது ஏழு ஓட்டம் பின்னால் இருந்தது.

எங்களோடு மூன்றாவதாக ஒருவர் காரில் வருவார். கோயம்புத்தூர்க்காரர். பெரிய கம்பெனிகளில் மட்டும் வேலை பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி மாறுவார், ஒவ்வொரு தடவையும் சம்பளம் ஒரு படி ஏறும். அதற்குத் தக்கபடி, கிழக்குக் கரையில் உள்ள ஒரு பெரும் பணக்கார அணிக்குத்தான் அவர் ரசிகர்.

"ஏனுங்க சார், போன வருஷம் உங்க டீம்ல இருந்தவங்க யாராவது மிச்சம் இருக்காங்களா, இல்ல தொப்பி மட்டும்தானுங்களா?"

"தொப்பி இருக்கு."

"அதையும் எங்காளுக வாங்கிருவாங்க. கொஞ்சம் பொறுங்க."

ஒவ்வொரு குளிர்காலமும் ஒப்பந்தச் செய்திகள் வரும். இன்னாருக்கு இத்தனை வருடத்துக்கு இவ்வளவு என்று. ஒரு வருடம் கேட்டு வாய் பிளந்த தொகை அடுத்த வருடம் சாதாரணமாகிவிடும். கோவைக்காரர் அதை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, பின்னாலேயே சிரிக்கிற முகங்களை வரிசையாக அனுப்புவார். "எங்காளு ஒருத்தன் சம்பளத்துல உங்க டீமையே வெலைக்கு வாங்கி, மிச்சக் காசுல பார்க்கிங் குடுக்கலாம்ங்க." மதுரைக்காரர் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் போடுவார்: "நல்லா இருக்கட்டும்."

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. ஊரே கோபப்பட்ட ஒரு நாளிலும் வரவில்லை.

எங்கள் அணியில், மட்டைக்காரருக்கு எதிரே நின்று பந்தைத் தடுத்துப் பிடிக்கும் ஷார்ட்ஸ்டாப் ஒருவர் இருந்தார். குட்டையான ஆள். பந்து தரையில் பட்டு எங்கே எழும்பும் என்பது பந்துக்குத் தெரிவதற்கு முன் இவருக்குத் தெரியும். மதுரைக்காரரின் மகளுக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். முதுகில் அந்த ஆட்டக்காரர் பெயர் போட்ட சட்டையைப் பள்ளிக்கூடத்துக்கும் போட்டுக்கொண்டு போவாள். பேஸ்பாலில் ஒரு ஆட்டக்காரர் பெரிய அணிக்கு வந்த நாளிலிருந்து ஆறு வருடம் அந்த அணிக்குக் கட்டுப்பட்டவர். முதல் சில வருடங்கள் அவர்கள் கொடுக்கிற சம்பளம்தான்; பிறகு கொஞ்சம் வழக்காடி வாங்கலாம். ஆறு முடிந்தால் விடுதலை; ஃப்ரீ ஏஜென்ட் என்பார்கள். யார் அதிகம் தருகிறார்களோ அங்கே போகலாம். இந்த ஷார்ட்ஸ்டாப்புக்கு ஆறு முடிந்தது. கோவைக்காரரின் அணி எடுத்துக்கொண்டது.

மகள் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து முதுகில் இருந்த பெயரை மூடினாள். அடுத்த மே மாதம் அந்த ஆள் எதிரணிச் சட்டையில் எங்கள் மைதானத்துக்கு வந்தார். ஒரு சனிக்கிழமை. அவர் மட்டையோடு நடந்து வந்தபோது கான்கிரீட் கிண்ணம் முழுக்க ஊளையிட்டது. மகள் இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு ஊளையிட்டாள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் மதுரைக்காரர் எழுந்து நின்று கை தட்டினார்.

முன்வரிசையில் இருந்த பெரிய உடம்புக்காரர் ஒருவர் திரும்பி, "ஹே, நீ எந்த டீம் மேன்?" என்று அதட்டினார்.

"சிக்ஸ் இயர்ஸ் கம்ப்ளீட்டட், சார்" என்றார் இவர், ஏதோ அலுவலகத்தில் ஃபைலை நீட்டுகிறவர் மாதிரி.

"வாட்?"

"ஹி கம்ப்ளீட்டட் சிக்ஸ் இயர்ஸ்."

மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, சிட் டவுன். ப்ளீஸ். ஹி லெஃப்ட் அஸ்."

"லெஃப்ட் இல்லம்மா. முடிச்சுட்டுப் போறான்."

திரும்பும் வழியில் மகள் பின்சீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோவைக்காரருக்கும் அன்று ஏனோ கிண்டல் வரவில்லை. மதுரைக்காரர் தானாகவே பேசினார். "இருபத்திமூணு, இருபத்திநாலு வயசுல வர்றான் சார். காலு, கண்ணு எல்லாம் நல்லா இருக்கறப்போ. அந்த வருஷத்தையெல்லாம் சல்லிசா குடுத்துடறான். விடறப்போ முப்பது. அப்புறம்தான் அவனுக்குன்னு ஒரு விலை. அவனைப் போய்க் கத்தறதுக்கு நமக்கு என்ன இருக்கு?"

மதுரைக்காரருடைய விசாவின் ஆறு வருடமும் ஷார்ட்ஸ்டாப் போன அந்தக் குளிர்காலத்தில்தான் முடிந்திருந்தது. இதை நான் வெகு நாள் கழித்து, வேறு எதற்கோ தேதிகளைச் சரிபார்க்கும்போது கவனித்தேன். எச்-ஒன் என்ற வேலை விசாவுக்கும் ஆறு வருடக் கெடு. அதற்குள் கம்பெனி கிரீன் கார்டுக்கு மனுப்போட்டு ஏற்கப்பட்டிருந்தால், கெடு முடிந்தபின் நீட்டித்துக்கொண்டே போகலாம், முறை வரும்வரை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த முறை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கம்பெனி மாறினால் மனுவை ஆரம்பத்திலிருந்து போட வேண்டும் என்று பயந்து பலர் மாறுவதில்லை. அப்போது ஒரு நாள், துவைத்த துணிகளைக் கூடையில் தூக்கிக்கொண்டு படியேறும்போது என்னிடம் சொன்னார்: "ஆறு முடிஞ்சா அவன் ஃப்ரீ ஏஜென்ட். நான் எக்ஸ்டென்ஷன்." சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குச் சிரிப்பது எளிது. நான் முன்னாலேயே வந்தவன். என் காலத்தில் அந்த வரிசை குட்டையாக இருந்தது.

மனு போட்ட தேதிதான் வரிசையில் ஒருவரின் இடம். அவருடையது ஒரு மார்ச் மாதத்துத் தேதி. மாதம் ஒருமுறை, எந்தத் தேதி வரை அழைக்கிறார்கள் என்று அரசாங்கம் புல்லட்டின் வெளியிடும். சில மாதம் ஒரு வாரம் நகரும். சில மாதம் நகராது. சில மாதம் பின்னால் போகும். இவர் அதைப் பார்த்துவிட்டு, மறுநாள் என்னைக் காணும்போது, "நகருது சார்" என்பார். பின்னால் போன மாதங்களில் எதுவும் சொல்ல மாட்டார். அதிலிருந்து நான் தெரிந்துகொள்வேன்.

இந்த வரிசையில் இன்னொரு கெடு உண்டு. பிள்ளைகளுக்கு இருபத்தொன்று முடிவதற்குள் அப்பாவின் முறை வர வேண்டும். வராவிட்டால் பிள்ளை இந்த வரிசையிலேயே இல்லை. மூன்று வயதில் அம்மா இடுப்பில் உட்கார்ந்து இங்கே வந்திறங்கிய பெண், வெளிநாட்டிலிருந்து நேற்று வந்தவளைப்போல மாணவர் விசா வாங்கிக்கொண்டு படிக்க வேண்டும். அல்லது போய்விட வேண்டும். அவர் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் பேச மாட்டார்கள். பேஸ்பாலைப் பற்றிப் பேசுவார்கள்.

மகள் பேஸ்பாலாலேயே புள்ளியியல் படிக்கப் போனாள். கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வரும் வாரக்கடைசிகளில் சாப்பாட்டு மேசையில் அப்பாவோடு வழக்கு நடக்கும். எங்கள் அணி அந்த வருடங்களில் கொஞ்சம் நன்றாக ஆடுகிறவர்களையெல்லாம் ஆறு முடியும் முன்பே விற்றுக்கொண்டிருந்தது.

"ரூல் இருக்கும்மா" என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "பணக்கார டீம் லிமிட்டைத் தாண்டினா டாக்ஸ் கட்டணும். வருமானத்துல இல்லாதவனுக்கு ஷேர் குடுக்கணும். எல்லாம் எழுதி வெச்சிருக்கான். மெதுவா சமமாகும்."

"அப்பா, ஷேர் வருது. ஓனர் பாக்கெட்ல போட்டுக்கறான். பிளேயர்ஸ்க்குக் குடுக்கணும்னு யாராவது வந்து அவன் கையைப் பிடிக்கறாங்களா?"

"கேப்பாங்க."

"ஹூ?"

"லீக்கு கேக்கும். அவங்களுக்கும் எல்லா டீமும் நல்லா இருந்தாத்தானே..."

"தோக்கறதுதான் அவனோட பிசினஸ் பிளான், அப்பா! தோத்தா செலவு கம்மி, ஷேர் வந்துடும், டிராஃப்ட்ல ஃபர்ஸ்ட் பிக் வரும். அந்தப் பையன் நல்லா ஆடினா வித்துடலாம். ஜெயிச்சாத்தான் நஷ்டம். நீங்க தோத்தவனுக்கு முதல் பந்தின்னு சொல்லுவீங்களே, அவன் அந்தப் பந்தியில உக்காரறதுக்காகவே தோக்கறான்."

அவர் மோர்க்கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். "அப்படியெல்லாம் ஒருத்தன் நினைப்பானா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அவர் மனைவி அடுப்படியிலிருந்து, "நினைக்கறவங்க நினைச்சு எங்கேயோ போயிட்டாங்க" என்றார். அவர் பகலில் ஒரு டேகேரில் மற்றவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். நிறையப் பேச மாட்டார்.

இனி அந்த அக்டோபரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொற்றுநோய்க்குப் பயந்து ஊர் முழுக்க வீட்டுக்குள் கிடந்த வருடம். ஆளில்லாத மைதானங்களில் அட்டைப் படங்களை உட்கார வைத்து ஆட்டம் நடத்தினார்கள். கிரீன் கார்டில் படிப்பையும் வேலையையும் வைத்து இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று வரிசைகள் உண்டு. முதுகலைப் பட்டம் கேட்கிற வேலை இரண்டாம் வகுப்பு, சாதாரணப் பட்டம் போதுமென்றால் மூன்றாம் வகுப்பு. அவர் இரண்டாம் வகுப்பில் நின்றார். அந்த அக்டோபரில் மூன்றாம் வகுப்பு வரிசை திடீரென்று பல வருடங்கள் முன்னே பாய்ந்து, இவர் தேதியையும் தாண்டிவிட்டது. இரண்டாம் வகுப்பில் நிற்பவர்கள் தங்கள் தேதியை இழக்காமல் மூன்றாம் வகுப்புக்கு மாறிக்கொள்ளலாம். கம்பெனி ஒப்புக்கொண்டு புதிதாக ஒரு மனுப் போட வேண்டும், அவ்வளவுதான். டவுன்கிரேடு என்று அதற்குப் பெயர். அந்த ஒரு மாதம் எங்கள் ஊர்ப் பக்கத்து இந்தியர்கள் வேறு எதையும் பேசவில்லை. தடுப்பூசி எடுத்த விவரத்துக்கும், டாக்டர் கையெழுத்துக்கும், பிறப்புச் சான்றிதழுக்கும் ஆளாய்ப் பறந்தார்கள்.

கோவைக்காரர் கார் நிறுத்துமிடத்துக்கு வந்து நின்று இவரைக் கீழே கூப்பிட்டார். மூவரும் தள்ளித் தள்ளி நின்றோம். கோவைக்காரர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, நானே மாறிட்டனுங்க. உங்களுக்கென்ன?"

"நீங்க எப்பவும் மாறறவரு."

"கிண்டலை விடுங்க சார். பாப்பாவுக்கு இருபது ஆயிருச்சு. எம் பையனுக்கும் அதே வயசுதான். கதவு தொறந்திருக்கு, உள்ள நொழைஞ்சுக்கலாம். உங்க கம்பெனி மாட்டேங்குதா?"

"கம்பெனி சரின்னுதான் சொல்லுது. வக்கீல் மெயில் போட்டிருக்கார்."

"அப்பறம் என்னுங்க?"

"எல்லாரும் அங்க போறாங்கல்ல, அது நின்னுடும். நம்ம லைன் காலியாகும். இது நகரும். பாருங்க."

மேலே பால்கனியில் அவர் மனைவி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அவர் சொல்றதை ஒரு தடவை யோசிச்சுப் பாத்தாத்தான் என்ன?" என்றார்.

"யோசிச்சாச்சு" என்றார் இவர், மேலே பார்க்காமல்.

கோவைக்காரர் என்னைப் பார்த்தார். இவர் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கத்தான் செய்தது. அக்டோபர் முடிந்தது. அவர் மாறவில்லை.

அவர் சொன்னபடியே பிறகு மூன்றாம் வகுப்பு வரிசை நின்றுபோனது. பின்னாலும் போனது. "பாத்தீங்களா சார்" என்றார். ஆனால் அந்த மாதம் உள்ளே நுழைந்தவர்களுக்கு அது நின்றால் என்ன? கோவைக்காரர் வீட்டில் நாலு பேருக்கும் கார்டு வந்தது. இங்கே இவர்கள் காலியாகும் என்று காத்திருந்த இரண்டாம் வகுப்பு, கொஞ்சம் ஓடிப் பார்த்துவிட்டு, இவர் மார்ச் மாதத்துக்குச் சற்று முன்னால் நின்று, திரும்பிப் போய்விட்டது. மகளுக்கு ஒரு பிப்ரவரியில் இருபத்தொன்று முடிந்தது. கேக் வெட்டினார்கள். நானும் போயிருந்தேன். மறுவாரம் அவள் மாணவர் விசாவுக்கு மனுப் போட்டாள்.

எங்கள் அணி அதற்குள் கடைசி இடத்துக்குப் போயிருந்தது. ஊரைவிட்டே போகப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். மைதானத்தில் ஜனங்கள், "வித்துட்டுப் போ!" என்று கோஷம் போட்டார்கள், அணியை அல்ல, அணியை வைத்திருப்பவரை விரட்டுகிற கோஷம். இவர் அதிலும் சேரவில்லை. "கடைசில வந்தாச்சு. முதல் பிக் நமக்குத்தான்" என்றார். ஆனால் வேண்டுமென்றே தோற்கிற அணிகளைத் தடுக்க லீக் சட்டத்தை மாற்றியிருந்தது. மகள் சொன்ன அந்தத் தந்திரத்தை அவர்களும் கவனித்திருக்கிறார்கள். இனிக் கடைசி இடத்துக்கு முதல் தேர்வு நிச்சயமில்லை; குலுக்கல்.

அந்தக் குலுக்கலை டிசம்பரில் அவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். கோட் சூட் போட்டவர்கள் கீழ்த் தேர்விலிருந்து தொடங்கி ஒவ்வொரு அட்டையாகத் திருப்பினார்கள். எங்கள் அணியின் சின்னம் எதிர்பார்த்ததைவிட முன்னாலேயே, கீழ் இடம் ஒன்றில் திரும்பியது. முதல் தேர்வு எங்களைவிட நன்றாக ஆடிய ஒரு அணிக்குப் போனது. அவர் டிவியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ரிமோட்டை மடியில் வைத்திருந்தார்.

"கடைசியாவும் வந்தோம், இதுவும் இல்லையா?" என்றார்.

மகளுக்கும் குலுக்கல்தான் மிச்சமிருந்தது. படிப்பு முடிந்து, விளையாட்டுப் புள்ளிவிவரம் தொகுக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. அப்பா இருபது வருடத்துக்கு முன்னால் வாங்கிய அதே எச்-ஒன் விசாவுக்கு அவள் இப்போது மார்ச்சுதோறும் நடக்கும் குலுக்கலில் பெயர் கொடுத்தாள். முதல் மார்ச்சில் விழவில்லை. இரண்டாவது மார்ச்சிலும் விழவில்லை. படிப்பு முடிந்தபின் மாணவர் விசாவில் மூன்று வருடம்தான் வேலை பார்க்க விடுவார்கள்; மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. முடிவு தெரிந்த அன்று இவரைக் கார் நிறுத்துமிடத்தில் பார்த்தேன். மளிகைப் பையை வண்டியிலிருந்து எடுக்காமல் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நான் கேட்பதற்கு முன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"வரிசைன்னா நிக்கலாம் சார். எத்தனை வருஷம்னாலும் நிக்கலாம். குலுக்கல்ல எங்க போய் நிக்கறது?"

எங்கள் மைதானத்தில் அணியின் கடைசி ஆட்டம் அதற்குச் சில மாதங்கள் முன்பே, ஒரு செப்டம்பர் பகலில் முடிந்திருந்தது. ஜனங்கள் அழுதார்கள். காகிதக் கப்பில் மைதானத்து மண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள். அவர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் இப்போது டெக்சாசில், ரவுண்ட் ராக்கில் இருக்கிறேன். இங்கே யாராவது பேஸ்பாலில் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசினால் அவர் ஞாபகம் வரும். அவரும் அப்படித்தான் சொல்வார், சட்டம் ஒன்று வரும் என்று. அவர் இன்னமும் ஃப்ரீமாண்டில், அதே கம்பெனியில் இருக்கிறார். மார்ச் இன்னும் வரவில்லை.

மகளின் கம்பெனிக்கு டொரான்டோவில் ஒரு கிளை இருந்தது. அங்கே அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். அப்போது நானும் ஃப்ரீமாண்டில்தான் இருந்தேன்; என் வேனில் இடம் அதிகம் என்பதால் விமான நிலையத்துக்கு நான் ஓட்டினேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார், மனைவியும் மகளும் பின்னால். நல்ல வெயில். பாலத்தில் ஏறும்வரை அங்கே குளிருக்கு என்ன வாங்க வேண்டும் என்று அம்மாவும் பெண்ணும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

பாலத்தில் போகும்போது அம்மா, "கோயம்புத்தூர் அங்கிள் பையன் நேத்து ஃபோன் பண்ணினான். உனக்கு பெஸ்ட் ஆஃப் லக் சொன்னான். ஆஸ்டின்ல வீடு வாங்கறானாம்" என்றார்.

மகள் முன்னால் சாய்ந்தாள்.

"அப்பா."

"என்னம்மா."

"அந்த அக்டோபர்ல நீங்க மாத்தியிருந்தா எனக்கு வந்திருக்குமா?"

நான் அவருடைய பதிலை எதிர்பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அது எனக்கு மனப்பாடம்.

"வந்திருக்கும்" என்றார்.

"தென் வொய்?"

அவர் கண்ணாடி வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணாம் கிளாஸுன்னு போட்டிருந்துச்சும்மா."

மகளுக்குப் புரியவில்லை. "ஸோ?"

"நான் எம்.ஈ. கோல்டு மெடல். அந்தப் பேப்பர்ல கம்பெனி எழுதணும், இவர் பாக்கற வேலைக்கு எம்.ஈ. எல்லாம் வேணாம், சும்மா ஒரு டிகிரி போதும்னு. அந்த லெட்டர் டிராஃப்ட்டை அனுப்பி வெச்சாங்க. ரெண்டு நாள் தெறந்து தெறந்து பாத்தேன். சரின்னு சொல்ல வாய் வரல."

"அவ்வளவுதானா?" இது அவர் மனைவி.

"அவ்வளவுதான்."

"நின்னுடும், நின்னுடும்னு அத்தனை பேர்கிட்டயும் சொன்னீங்களே."

பாலம் முடிந்து இறங்கினோம். மகள் எப்போதும் தமிழோடு ஆங்கிலத்தைக் கலந்துதான் பேசுவாள். அன்று நிதானமாக, முழுக்கத் தமிழில் சொன்னாள்.

"மூணாம் கிளாஸா இருந்தாலும் நான் இங்க இருந்திருப்பேன்ப்பா."

புறப்பாட்டு வாசலில் வேனை நிறுத்தினேன். அவர் இறங்கி, பெட்டிகளை ஒற்றை ஆளாக இறக்கி டிராலியில் அடுக்கினார். நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றார். தாயும் மகளும் கைகோத்துக்கொண்டு முன்னால் நடந்து உள்ளே போய்விட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. அவர் டிராலியைத் தள்ளிக்கொண்டு அருகே போனதும் அது மறுபடி திறந்தது.